வீட்டுக்குள் எடுக்கும் படங்கள் மங்காமல் இருக்க ஒரு செய்முறை

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களிடம் மலை, கடல் படங்களைவிட வீட்டு ஆட்களின் படங்கள்தான் அதிகம் இருக்கும். ஓடித் திரியும் குழந்தை, பேசிச் சிரிக்கும் நண்பர்கள், மடியில் ஏறும் பூனை. நமக்கு மிகவும் வேண்டிய படங்கள் இவைதான், தெளிவில்லாமல் அதிகம் மங்கிப்போவதும் இவைதான். புதுக் கேமரா வாங்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆனால் அமைப்புகளைத் தொடாமல் கேமராவை மட்டும் மாற்றினால் அதே மங்கல் புதுக் கேமராவிலும் தொடரும்.

இப்போது நான் கடைப்பிடிக்கும் முறையை அப்படியே எழுதுகிறேன். அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு), ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) மூன்றும் சேர்ந்துதான் படத்தின் வெளிச்சத்தை முடிவு செய்கின்றன என்ற அளவுக்குத் தெரிந்தால் போதும். போனில் எடுப்பவர்களுக்கான வழியையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

படி 1: லென்ஸைத் துடையுங்கள்

போன் லென்ஸில் விரல் எண்ணெய் படிந்தால் விளக்குகளைச் சுற்றி ஒளி கசிந்து, படம் முழுக்கப் புகை படர்ந்தது போலத் தெரியும். மைக்ரோஃபைபர் துணியால் ஒரு துடைப்பு போதும்.

படி 2: எந்த வகை மங்கல் என்று பாருங்கள்

இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். மங்கிய ஒரு படத்தைத் திறந்து 100 சதவீத அளவுக்குப் பெரிதாக்குங்கள். முகத்தை மட்டும் பார்க்காமல் பின்னால் உள்ள சுவர், கதவு, அலமாரி எல்லாவற்றையும் பாருங்கள்.

எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அது கை நடுக்கம். படத்தில் சின்ன விளக்கோ பளபளப்பான புள்ளியோ இருந்தால், அது கோடாக நீண்டிருக்கும். சுவர் தெளிவாக இருந்து முகமோ கையோ மட்டும் கலைந்திருந்தால், படத்தில் இருப்பவர் அசைந்திருக்கிறார். முகம் மங்கலாக இருந்து, பின்னால் இருக்கும் அலமாரியோ முன்னால் இருக்கும் டம்ளரோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது.

மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு. டிரைபாட் கை நடுக்கத்தை நிறுத்தும், குழந்தையை நிறுத்தாது. லென்ஸிலும் சென்சாரிலும் (படம் பதியும் சில்லு) இருக்கும் ஸ்டெபிலைசேஷன் என்ற நடுக்கத் தடுப்பு வசதியும் அப்படித்தான். வீட்டுக்குள் எடுத்த படங்களை வரிசையாகப் பெரிதாக்கிப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டாவது வகைதான் கண்ணில் படும்.

படி 3: ஷட்டர் வேகத்துக்கு ஒரு கீழ்வரம்பு வையுங்கள்

பேசும்போது ஒருவர் கையை வீசுகிறார், அந்தக் கை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷட்டர் 1/60 நொடி திறந்திருந்தால் அதற்குள் கை ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். விரல்கள் இருக்கும் இடத்தில் ஒரு கறைதான் தெரியும். 1/500 வைத்தால் 2 மில்லிமீட்டர்தான் நகரும், விரல்களை எண்ணலாம்.

நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கு 1/125, பேசிச் சிரிப்பவர்களுக்கு 1/250, ஓடும் குழந்தைக்கும் விளையாடும் நாய்க்கும் 1/500 அல்லது அதற்கு மேல்.

கேமராவின் ஆட்டோ இந்த வேகத்துக்குத் தானாகப் போவதில்லை. காரணம், பழைய விதி ஒன்று: லென்ஸின் குவிய நீளம் 50 மி.மீ. என்றால் ஷட்டர் 1/50-க்குக் குறையாமல் இருந்தால் போதும். பெரும்பாலான கேமராக்கள் இந்த விதியை ஒட்டித்தான் வேகத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. அந்த விதி கை நடுக்கத்துக்கு மட்டும் எழுதப்பட்டது. எதிரில் இருப்பவர் ஓடுகிறாரா, உறங்குகிறாரா என்பது அதன் கணக்கிலேயே இல்லை. ஆகவே அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

அப்பர்ச்சர் பிரையாரிட்டி மோடுக்குப் போங்கள், அதில் அப்பர்ச்சரை நீங்கள் வைப்பீர்கள், ஷட்டரைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விடுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓ மெனுவுக்குள் ‘மினிமம் ஷட்டர் ஸ்பீடு’ என்று ஒன்று இருக்கும். நிக்கான், கேனான், சோனி, ஃபூஜி நான்கிலும் பல மாடல்களில் இது உண்டு. அதை 1/250-இல் வையுங்கள். சில ஆரம்பநிலை மாடல்களில் இந்த வசதி இருக்காது. அப்படியானால் மேனுவல் மோடில் அப்பர்ச்சரையும் ஷட்டரையும் நீங்களே வைத்து, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் அதிகம் பிடிக்கும், எந்த எண் எப்போது மாறும் என்ற குழப்பமே இருக்காது.

பிறகு சேர்த்தது: ‘1/250 வைத்தும் படத்தின் விவரத்தில் 1/30 என்று காட்டுகிறதே’ என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இதே இடத்தில்தான் எனக்கும் வெகுநாள் புரியாமல் இருந்தது. அதே மெனுவில் ‘மேக்சிமம் ஐஎஸ்ஓ’ என்று இன்னொரு வரி இருக்கிறது பாருங்கள். அது 1600-இல் இருந்தால், வெளிச்சம் போதாதபோது கேமரா 1600 வரை ஏறி நின்றுவிடும். அதற்குப் பிறகும் வெளிச்சம் தேவைப்பட்டால் நீங்கள் வைத்த கீழ்வரம்பை மீறி ஷட்டரைத் தாழ்த்தும், எந்த எச்சரிக்கையும் தராது. மேல்வரம்பை 6400-க்கு உயர்த்துங்கள். கீழ்வரம்பு உண்மையாகவே வேலை செய்வது அப்போதுதான்.

‘6400-இல் நாய்ஸ் (படத்தில் தெரியும் மணல் போன்ற புள்ளிகள்) வருமே’ என்பது அடுத்த கேள்வி. வரும், வரட்டும். நாய்ஸைக் கணினியில் குறைக்கலாம். சிறிய அளவில் அச்சிட்டாலோ போன் திரையில் பார்த்தாலோ அது கண்ணுக்கே தெரியாது. அசைவில் கலைந்துபோன கண்ணை எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்டுத் தராது. ஐஎஸ்ஓவைக் கண்டு பயப்படுவதுதான் வீட்டுப் படங்களுக்குப் பெரிய எதிரி என்பது என் உறுதியான கருத்து.

போனில் எடுப்பவர்கள்: ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் புரோ மோட் இருக்கிறது, அதில் ஷட்டரை நேரடியாக வைக்கலாம். ஐபோனோடு வரும் கேமரா செயலியில் அது முடியாது, ஹாலைட் போன்ற தனிச் செயலி வேண்டும். எந்தப் போனானாலும், ஆட்கள் அசையும்போது நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது நீண்ட நேரம் ஒளியைச் சேகரித்துப் பல படங்களை ஒன்றாக்கும் முறை. அசையாத கட்டடத்துக்கு அருமையாக இருக்கும், குழந்தைக்கு ஒத்துவராது.

படி 4: ஒரு லென்ஸ் வாங்குவதென்றால்

கேமராவோடு வரும் 18-55 லென்ஸை 55 மி.மீ.க்கு ஜூம் செய்தால் அப்பர்ச்சர் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). எஃப்/1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். அதே அறையில், அதே 1/250-இல், ஐஎஸ்ஓ 6400 தேவைப்பட்ட இடத்தில் 640 போதும். ஆகவே முதலில் வாங்க வேண்டியது நீண்ட ஜூம் அல்ல, எஃப்/1.8 பிரைம், அதாவது ஜூம் இல்லாத லென்ஸ். ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் என்றால் 35 மி.மீ. எடுங்கள், 50 மி.மீ. அறைக்குள் நெருக்கமாக இருக்கும். ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சார் என்றால் 50 மி.மீ. சரி.

ஆனால் எஃப்/1.8-இல் ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னும் தெளிவாக வரும் தூரம், மிகக் குறைவு. ஃபுல் ஃபிரேமில் 50 மி.மீ. லென்ஸ், 1 மீட்டர் தூரம் என்றால் மொத்தமே சுமார் 4 செ.மீ. பக்கவாட்டில் திரும்பிய முகத்தில் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் வருவது இதனால்தான். ஒருவர் என்றால் எஃப்/2 அல்லது 2.8, இருவர் மூவர் என்றால் எஃப்/4 என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் வசதி உங்கள் கேமராவில் இருந்தால் அதை எப்போதும் ஆன் செய்து வையுங்கள். இல்லையென்றால் ஒற்றைப் புள்ளி ஃபோகஸை எடுத்து, கேமராவுக்கு அருகில் உள்ள கண்ணின் மேல் வையுங்கள்.

படி 5: ஜன்னல் பக்கம் வாருங்கள், விளக்கை அணையுங்கள்

பகலில் அறையின் நடுவில் விளக்கைப் போட்டு எடுப்பதைவிட ஜன்னலோரம் விளக்கில்லாமல் எடுப்பது எப்போதும் மேல். ஜன்னலில் இருந்து 1 மீட்டரில் நிற்பவர் 2 மீட்டருக்கு நகர்ந்தால், சாதாரண அளவு ஜன்னலில் அவர் மேல் விழும் ஒளி பாதிக்கும் கீழே போய்விடும். நம் கண் உடனே பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நேரில் தெரியாது. கேமராவுக்குத் தெரியும்.

ஆள் ஜன்னலுக்கு முதுகையோ முகத்தையோ காட்டாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். மூக்கின் நிழல் மறு கன்னத்தில் மெல்ல விழுந்தால் முகத்துக்கு வடிவம் வரும். விளக்கை அணைக்கச் சொன்னது நிறத்துக்காக. பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் விளக்கு 2700 முதல் 3000 வரை. இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் நீலம், மறு கன்னம் மஞ்சள். ஒயிட் பேலன்ஸ் என்ற நிறச் சமன் அமைப்பை எப்படித் திருத்தினாலும் ஒரு பக்கம்தான் சரியாகும்.

படி 6: பிளஸ், மைனஸ்

கேமராவின் மீட்டர், அதாவது ஒளியை அளக்கும் பகுதி, எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பல் என்றே நினைத்துக் கணக்குப் போடுகிறது. அதனால் வெள்ளைச் சுவர் முன் வெள்ளைச் சட்டைக்காரர் நின்றால் படம் மந்தமாக இருக்கும், எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்ற வெளிச்சத் திருத்தத்தில் பிளஸ் 1 வையுங்கள். கறுப்பு உடை, இருண்ட பின்னணி என்றால் மைனஸ் 1. போனில் முகத்தைத் தொட்டால் வரும் சூரியக் குறியையோ கோட்டையோ நகர்த்தினால் அதே வேலை நடக்கும்.

படி 7: இரண்டடி பின்னால் போங்கள்

போனின் முதன்மை லென்ஸ் பொதுவாக 24 முதல் 26 மி.மீ.க்கு இணையான அகலக் கோணம். கையெட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கும். நெருக்கம்தான் அதற்குக் காரணம். ஒன்றரை மீட்டராவது தள்ளி நின்று 2 எக்ஸ் வைத்து எடுங்கள், முகம் இயல்பாக இருக்கும். குழந்தை என்றால் முட்டி போட்டு அதன் கண் மட்டத்துக்கு இறங்குங்கள். அழுத்தும் முன் தலைக்குப் பின்னால் கம்பி, கதவு விளிம்பு ஏதாவது முளைத்திருக்கிறதா என்று ஒரு பார்வை, இருந்தால் ஒரு எட்டு நகருங்கள். அப்புறம் ஒன்றுக்கு நான்காகத் தொடர்ந்து எடுங்கள், யாராவது ஒருவர் கண்ணை மூடித்தான் இருப்பார்.

படி 8: கழித்தபின் திருத்துங்கள்

முதலில் கண்ணைப் பெரிதாக்கிப் பார்த்து, தெளிவில்லாதவற்றை நீக்குங்கள். திருத்தத்துக்குப் போனில் ஸ்னாப்சீட், கணினியில் டார்க்டேபிள். இரண்டும் இலவசம். டார்க்டேபிள் பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அதற்கு ஈடான பலன் தரும். ரா (சென்சார் தரும் மூலக் கோப்பு), ஜேபெக் (சுருக்கிய வழக்கமான படக் கோப்பு) இரண்டையும் சேர்த்துச் சேமிக்கும்படி கேமராவில் வையுங்கள். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான், 14 பிட் ராவில் 16,384. இருண்ட முகத்தைத் தூக்கும்போதும் நிறத்தைச் சரிசெய்யும்போதும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ரெடிமேட் ஃபில்டர்கள் எனக்குப் பிடிப்பதில்லை, தோலின் நிறத்தைத்தான் முதலில் கெடுக்கின்றன.

மீண்டும் சேர்த்தது: படத்தில் கருங்கோடுகள்

1/250-க்கு மாறியபின் இரவுப் படங்களில் குறுக்கே இருண்ட பட்டைகள் விழுவதாகச் சிலர் கேட்டார்கள். கேமராவில் கோளாறு இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் பல டியூப் லைட்டுகளும் சில எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. ஷட்டர் அதைவிட வேகமாக இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் படத்தில் பதிகிறது. முதலில் சைலண்ட் ஷட்டரை (அதாவது எலக்ட்ரானிக் ஷட்டரை) அணையுங்கள், அதில்தான் பட்டைகள் மோசமாக இருக்கும். அடுத்து, மெனுவில் ஆன்ட்டி-ஃபிளிக்கர் இருந்தால் ஆன் செய்யுங்கள், விளக்கு உச்சத்தில் இருக்கும் கணத்துக்காகக் காத்திருந்து அது எடுக்கும். இரண்டும் உதவவில்லை என்றால் 1/100-க்கு இறங்குங்கள். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் இருப்பவர்களுக்கு 1/125 அல்லது 1/60. அந்த வேகத்தில் ஓடும் குழந்தை தெளிவாக வராது. அதனால் டியூப் லைட் அறையில் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் எடுத்துவிட்டு, ஓட்டத்தைப் பகலில் ஜன்னல் இருக்கும் அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.