போர்ட்ஃபாஸ்ட் போட்டால் பிபிடியு கார்டும் போடுங்கள்

சிஸ்கோ ஸ்விட்சில் கணினி, பிரின்டர் மாட்டும் போர்ட்டுகளுக்கு போர்ட்ஃபாஸ்ட் கொடுப்பது வழக்கம். பழைய ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்கில் தகவல் முடிவில்லாமல் சுற்றும் லூப்பைத் தடுக்கும் ஏற்பாடு) முறையில் கேபிளைச் செருகியபின் 30 விநாடி காத்திருக்க வேண்டும். போர்ட்ஃபாஸ்ட் போட்டால் உடனே வேலை செய்யும். ஆனால் அதே போர்ட்டில் யாராவது ஒரு சின்ன ஸ்விட்சைக் கொண்டுவந்து மாட்டி, அதன் இன்னொரு கேபிளைப் பக்கத்து சாக்கெட்டிலும் செருகிவிட்டால்? லூப் உருவாகி மொத்த நெட்வொர்க்கும் திணறலாம்.

அதனால் கூடவே 'ஸ்பேனிங்-ட்ரீ பிபிடியுகார்டு எனேபிள்' என்ற கட்டளையையும் போடுங்கள். அந்த போர்ட்டுக்குள் ஒரே ஒரு பிபிடியு (ஸ்பேனிங் ட்ரீக்காக ஸ்விட்சுகள் அனுப்பிக்கொள்ளும் தகவல்) வந்தாலும் ஸ்விட்ச் அந்த போர்ட்டை முடக்கி எர்-டிசேபிள் நிலைக்குத் தள்ளிவிடும். சரி, திரும்ப எப்படித் திறப்பது? முதலில் அந்தக் கேபிளைக் கழற்றுங்கள். அப்புறம் 'ஷட்டவுன்', 'நோ ஷட்டவுன்'. தானாகவே திறக்க வேண்டுமென்றால் 'எர்டிசேபிள் ரெக்கவரி காஸ் பிபிடியுகார்டு'. 300 விநாடிக்கு ஒருமுறை முயலும்.

பிபிடியு ஃபில்டரை மட்டும் இதனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். போர்ட்டில் நேரடியாக அதைப் போட்டால் வரும் பிபிடியுவை ஸ்விட்ச் கண்டுகொள்ளாது, லூப்பும் தெரியாது. இன்னொரு ஸ்விட்சுக்குப் போகும் ட்ரங்க் போர்ட்டில் பிபிடியு கார்டு கூடவே கூடாது, இணைப்பே அறுந்துவிடும்.