இமாடினிப் தொடங்கியிருக்கிறீர்களா? கைபேசியை இப்படித் தயார் செய்யுங்கள்

நாள்பட்ட மைலாய்டு லுகேமியா (சி.எம்.எல்.) என்ற இரத்தப் புற்றுநோய் இருப்பது இப்போதுதான் தெரியவந்து, இமாடினிப் மாத்திரையோடு வீடு திரும்பியவர்களுக்கானது இது. தீவிர வகை (அக்யூட்) லுகேமியாவுக்குச் சிகிச்சை முறையே வேறு. அந்த வகை உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. சி.எம்.எல். நோயைப் பெரும்பாலானோர் மாத்திரையாலேயே பல ஆண்டுகள் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். ஆனால் உடம்பு தேறியதும் மாத்திரை மறந்துபோகும். செயலி வழியே அன்றாடம் வழிகாட்டும் இணையவழி நலப் பயிற்றுநர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை அதுதான்.

படி 1: அலாரம். இமாடினிப்பை வயிறு நிறையச் சாப்பிட்டு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்கினால் குமட்டல் குறையும். ஆகவே காலை 6 மணிக்கு அல்ல, நீங்கள் உண்மையில் சாப்பிடும் நேரத்துக்கு அலாரம் வையுங்கள். விழுங்கிய பிறகே அதை அணையுங்கள். மாத்திரை அட்டையின் பின்புறத் தாளில் ஒவ்வொரு மாத்திரைக்கும் மேலே பேனாவால் தேதி எழுதிவிட்டால், "இன்றைக்குப் போட்டேனா?" என்ற குழப்பம் வராது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

படி 2: தினக்குறிப்பு. வண்ண வரைபடம் காட்டும் செயலிகளில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கைபேசியில் இருக்கும் குறிப்பேடே போதும். தினம் ஒரு வரி: "செவ்வாய். எடை 62.5. காலையில் இமை வீக்கம். இரவு கெண்டைக்காலில் பிடிப்பு." இமை வீக்கமும் தசைப்பிடிப்பும் இம்மருந்தில் அடிக்கடி வருபவைதான். ஆனால் எடை மளமளவென்று ஏறினால் உடலில் நீர் கோத்திருக்கலாம். அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படி 3: பரிசோதனை முடிவுகள். வாட்ஸ்அப்பில் வந்த அறிக்கை, காலை வணக்கப் படங்களுக்கு நடுவே காணாமல் போய்விடும். தனிக் கோப்புறையில் தேதியோடு சேமியுங்கள். இரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று காட்டுவது பி.சி.ஆர். பரிசோதனை. 3 மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அதில் 'ஐ.எஸ்.' (சர்வதேச அளவுகோல்) என்று குறித்த சதவீதத்தைப் பாருங்கள். பொதுவான இலக்கு: 3 மாதத்தில் 10, 6 மாதத்தில் 1, ஓராண்டில் 0.1 அல்லது அதற்கும் கீழே. கூடுமானவரை ஒரே ஆய்வகத்தில் எடுங்கள்.

படி 4: பயிற்றுநரோடு பேச்சு. பயிற்றுநர் இருந்தால், விட்டுப்போன மாத்திரைகளை மறைக்காதீர்கள். தூக்கம், உணவு, பயம், வேலைக்குத் திரும்புவது என எதையும் கேட்கலாம். மருந்தின் அளவை மாற்றுவது மட்டும் மருத்துவர் வேலை. நாட்டு மருந்தோ மூலிகைப் பொடியோ சேர்த்துக்கொள்வதாக இருந்தாலும் அவரிடமே கேளுங்கள். சில மூலிகைகள் இமாடினிப்பின் வேலையைக் கெடுத்துவிடும்.

படி 5: அவசர எண். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை (100.4 ஃபாரன்ஹீட்) தொட்டாலோ, இரத்தக் கசிவு நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ செயலியில் செய்தி அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். மருத்துவமனையின் அவசர எண்ணை உங்கள் கைபேசியிலும் வீட்டில் இன்னொருவர் கைபேசியிலும் இன்றே சேமித்து, ஒருமுறை அழைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.