ரெட்ஃபிஷ், ட்ரவுட் பிடிக்க நண்பர்களோடு போகிறீர்களா? வழக்கமாகக் கோட்டைவிடும் இடங்கள்

டெக்சஸில் ஹூஸ்டனிலோ ஆஸ்டினிலோ இருக்கும் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து "கடலுக்கு மீன் பிடிக்கப் போகலாம்" என்று முடிவெடுத்தால், மனதில் வருவது பெரும்பாலும் ஆழ்கடல்தான். ரெட்ஃபிஷும் ட்ரவுட்டும் (ஆற்று ட்ரவுட் அல்ல, உடம்பில் புள்ளி உள்ள கடல் ட்ரவுட்) பெரும்பாலும் இருப்பது அங்கே இல்லை. கால்வெஸ்டன் பே, மாட்டகோர்டா பே, ராக்போர்ட்டை ஒட்டிய அரான்சாஸ் பே, தெற்கே லகூனா மாட்ரே எல்லாமே நீளமான மணல் தீவுகளுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் உப்பங்கழிகள். கால்வெஸ்டன் பே அத்தனை பெரிதாகத் தெரிந்தாலும் அதன் சராசரி ஆழம் ஏறக்குறைய ஆறேழு அடிதான். லகூனா மாட்ரேயில் பல இடங்களில் படகை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தே தூண்டில் போடலாம்.

குழுவாகப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, இந்த ஆழமில்லாத தண்ணீரை ஆழமான கடல் என்று நினைத்துக்கொள்வதால் வருபவை. தேதி குறிப்பதிலேயே அது தொடங்கிவிடுகிறது.

லீவு பார்த்துத் தேதி குறிப்பது

மெமோரியல் டே, ஜூலை 4, தேங்க்ஸ்கிவிங் என்று எல்லோருக்கும் தோதான ஒரு நாளைக் கண்டுபிடிப்பதே பெரிய பாடு, புரிகிறது. ஆனால் அந்த ஒரே நாளில் எல்லாவற்றையும் கட்டிவைத்தால், மிச்சத்தைத் தீர்மானிப்பது காற்று.

டெக்சஸ் கடற்கரையில் நீர் ஏறி வற்றும் அளவு ரொம்பக் குறைவு. பல நாட்களில் ஒன்றரை அடியைத் தாண்டாது. அதனால் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதில் நிலவுக்கு இருக்கும் அளவு பங்கு, சில நாட்களில் அதைவிடப் பெரிய பங்கு, காற்றுக்கு உண்டு. வழக்கமாக வீசும் தென்கிழக்குக் காற்று கடல்நீரை உப்பங்கழிக்குள் தள்ளும். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வடக்கிலிருந்து குளிர் இறங்கும்போது, வாடைக்காற்று அதே நீரைக் கடல் பக்கம் துரத்திவிடும். நேற்று இடுப்பளவு இருந்த இடத்தில் இன்று சேறு தெரியும். போன தடவை மீன் கிடைத்த இடத்தையே தேடிப் போய் "மீனே இல்லை" என்று திரும்புகிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. அப்படிப்பட்ட நாளில் மீன் பக்கத்தில் உள்ள வாய்க்காலிலோ பள்ளத்திலோ ஒதுங்கியிருக்கும். அங்கே போய்ப் பார்க்க வேண்டும்.

ஆகவே ஒரு தேதிக்குப் பதில் இரண்டு தேதிகளைப் பேசி வையுங்கள். இரண்டு நாளுக்கு முன் காற்று நிலவரத்தைப் பாருங்கள். மணிக்கு 15 கடல்மைல் (நாட்) வேகத்துக்கு மேல் காற்று அடித்தால், முதல் முறை வருகிறவர்களுக்கு அது இன்பப் பயணமாக இருக்காது. போயே ஆக வேண்டுமென்றால் காற்று மறைவான கரையை ஒட்டியே இருங்கள். உங்களைப் படகில் கூட்டிப்போகும் கைடு "நாளைக்கு வேண்டாம்" என்று சொன்னால் வாதாடாதீர்கள், அந்த நாள் போனால் அவருக்கும் வருமானம் போகிறது. முன்பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாறுமா என்பதை புக் செய்யும்போதே கேட்டுவிட வேண்டும். பிறகு கேட்பதால்தான் மனக்கசப்பு.

ஏற்றவற்ற அட்டவணையைப் பார்ப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. கடல்வாயின் நேரத்தைப் பார்த்துவிட்டு உப்பங்கழியின் உள்மூலைக்குப் போவார்கள். அங்கே அதே நீர் சில மணி நேரம் கழித்துத்தான் வந்து சேரும். போகும் இடத்துக்கு அருகில் உள்ள நிலையத்தின் நேரத்தைப் பாருங்கள். நீர் உச்சத்தில் இருக்கிறதா அடியில் இருக்கிறதா என்பதைவிட, ஓடுகிறதா என்பதுதான் முக்கியம். ஓடும்போதுதான் இறாலும் நண்டும் பொடிமீனும் வாய்க்கால் முனைக்கு அடித்துவரப்படும், ரெட்ஃபிஷ் அங்கே காத்திருக்கும். நீர் அசையாமல் நிற்கும் நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோடையில் காலை 9 மணிக்குப் படகுத்துறைக்கு வந்து சேரும் குழுக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆழமில்லாத நீர் சீக்கிரம் சுட்டுவிடும். வெளிச்சம் வரும்போது தூண்டில் தண்ணீரில் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் ரெட்ஃபிஷுக்கு அக்டோபர்தான் மாதம்: வெயில் இறங்கியிருக்கும், கூட்டமும் குறைவு.

ஒரே படகில் எல்லோரும்

கடலோரக் காவல்படையின் கேப்டன் லைசென்ஸ் வைத்திருக்கும் பல கைடுகள் சட்டப்படி 6 பயணிகள் வரை ஏற்றலாம். அதற்காக 6 பேர் ஏற வேண்டும் என்று இல்லை. 24 அடிப் படகில் ஆறு பேர் ஆறு ராடுகளை வீசினால் ஒருவர் தூண்டில் நரம்பு இன்னொருவர் நரம்போடு சிக்கும், யாராவது ஒருவர் தொப்பியில் முள் மாட்டும். மூன்று பேருக்கு ஒரு படகு என்று இரண்டு படகு எடுத்தால் செலவு கூடும்தான். ஆனால் நாள் முழுக்கச் சிக்கெடுத்துக்கொண்டே இருப்பதற்குக் காசு கொடுப்பதைவிட அது மேல்.

இந்த இரண்டு மீனும் நம்மூர்க் கத்தாளையின் குடும்பம். காற்றுப்பையை அதிரவைத்து ஒலி எழுப்பும் இனம் இது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன்கள் அப்படித்தான் பெண் மீன்களை அழைக்கின்றன. ஒலியால் பேசிக்கொள்ளும் மீனுக்கு உங்கள் படகின் சத்தம் கேட்காமல் போகுமா? இரண்டடி ஆழத்தில் ஐஸ்பெட்டி மூடியைப் படாரென்று சாத்துவது, தளத்தில் ஈயக்குண்டைப் போடுவது, ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டு வைப்பது எல்லாம் படகின் அடிப்பாகம் வழியே நேராக நீருக்குள் போகிறது. பேசுவதால் பெரிய கேடில்லை, தட்டுவதுதான் கெடுதல். பாட்டைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சினும் அப்படியே. மீன் இருக்கும் என்று நினைக்கும் இடத்துக்கு மேலேயே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினால், நிற்கும்போது அங்கே மீன் இருக்காது. நல்ல தூரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டுக் காற்றில் மிதந்தோ, சின்ன மின்மோட்டாரிலோ நெருங்குங்கள். சொந்தப் படகு வைத்திருப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ப்ரொப்பெல்லரால் கடற்புல்லை வேரோடு பெயர்ப்பது 2013 முதல் டெக்சஸ் கடலோரம் முழுவதும் சட்டப்படி குற்றம். அந்தப் புல்லில்தான் இறாலும் நண்டும் வளர்கின்றன. புல் போன இடத்தில் பல வருடம் வெறும் சேற்றுக் கோடுதான் மிஞ்சும்.

அப்புறம், வாழைப்பழம். பஸ் பயணமோ கோயில் பயணமோ, நம் ஆட்கள் பையில் ஒரு சீப்பு இருக்கும். அமெரிக்கப் படகுக்காரர்கள் பலருக்குப் படகில் வாழைப்பழம் ஏறினால் அன்றைக்கு மீன் விழாது என்ற நம்பிக்கை உண்டு. சிரிப்பாகச் சொல்கிறவரும் உண்டு, நிஜமாகவே முகம் சுளிக்கிறவரும் உண்டு. இட்லியும் மிளகாய்ப்பொடியும் எடுத்துப் போங்கள், வம்பில்லை.

தடித்த ராடும் வெடுக்கென்ற இழுப்பும்

கடல் என்றதும் விரல் தடிமன் ராடும் பெரிய ரீலும் வாங்கிவிடுகிறார்கள். இங்கே 7 அடி மீடியம் ராட், 3000 அளவு ரீல், 10 முதல் 15 பவுண்ட் தாங்கும் பிரெய்டு (இழை பின்னிய) நரம்பு, முனையில் 20 பவுண்ட் லீடர் (முள்ளை ஒட்டிக் கட்டும் நரம்புத் துண்டு) போதும். புதியவர்களுக்கு உயிர் இறாலும் தக்கையும்தான் சரி. செயற்கை இரையில் பிடிப்பதுதான் கெத்து என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். தக்கைக்குக் கீழே இருக்கும் நரம்பின் நீளத்தை மட்டும் இடத்துக்கு இடம் மாற்ற வேண்டும்: இரை புல்லுக்குக் கொஞ்சம் மேலே தொங்கவேண்டும், புல்லுக்குள் புதையக் கூடாது.

ட்ரவுட்டின் வாய் ஓரம் மெல்லிய தோல். தக்கை அமிழ்ந்ததும் பதறி வெடுக்கென்று இழுத்தால் தோல் கிழிந்து மீன் போய்விடும். மெல்ல இறுக்கிக்கொண்டே ரீலைச் சுற்றுங்கள். ரெட்ஃபிஷின் வாய் தடிப்பானது, ஆனால் படகைப் பார்த்ததும் ஓடும். ரீலின் ட்ராக் (நரம்பை வெளியே விடும் இறுக்கம்) முழுக்க முறுக்கியிருந்தால் நரம்பு அறுந்துவிடும். ஒருவருக்கு ட்ரவுட் மாட்டினால் மற்றவர்கள் ராடை வைத்துவிட்டுப் போனில் படமெடுக்கக் கூடிவிடுவார்கள். ட்ரவுட் கூட்டமாகத் திரியும் மீன், அந்த நேரத்தில் பக்கத்தில் வீசினால் இன்னொருவருக்கும் விழ வாய்ப்பு அதிகம்.

தூண்டிலில் வரும் சின்ன கடல் கெளுத்தியைச் செருப்புக் காலால் தள்ளிவிடாதீர்கள். முதுகிலும் இரு பக்கத்திலும் இருக்கும் முள்ளில் விஷம் உண்டு, செருப்பைத் துளைத்தே ஏறும். நீள மூக்கு ப்ளையர் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இறங்கி நடப்பது

ஆழமில்லை என்ற தைரியம் ஆபத்தாகும் இடம் இதுதான். வெறுங்காலோடு இறங்கினால் சிப்பிப் படுகை பாதத்தைக் கத்தியாக அறுக்கும். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையின் மேல் கால் வைத்தால் அது வாலைச் சுழற்றிக் குத்தும். அடி எடுத்து வைக்காமல், பாதத்தை அடியோடு தேய்த்துத் தேய்த்து நகருங்கள். அதிர்வு தெரிந்ததும் திருக்கை தானே விலகிவிடும். கெட்டியான வேடிங் பூட்ஸ் அவசியம். குத்திவிட்டால், தோல் வெந்துவிடாத அளவுக்குப் பொறுக்கும் சூட்டில் வெந்நீருக்குள் காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சூடு வலியைக் குறைக்கும்.

இதைவிட முக்கியமானது விப்ரியோ. வெதுவெதுப்பான உப்பு நீரில் இயல்பாகவே வாழும் பாக்டீரியா அது, காயத்தின் வழியே உடம்புக்குள் போகும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. கல்லீரல் நோய், சர்க்கரை, நோய் எதிர்ப்புக் குறைவு உள்ளவர்களுக்கு அது உயிராபத்து வரை போகலாம். நம் நாற்பது வயதுக் கூட்டத்தில் சர்க்கரை எத்தனை பேருக்கு என்று யோசித்துப் பாருங்கள். திறந்த புண் இருந்தால் அன்றைக்குப் படகிலேயே இருங்கள். மீன்முள் குத்தினாலும் உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். சில மணி நேரத்தில் காயம் சிவந்து வீங்கி வலி கூடினால் எமர்ஜென்சிக்குப் போய், கடல்நீரில் இருந்ததை முதலிலேயே சொல்லுங்கள்.

பிடித்த மீனைக் கயிற்றில் கோத்து இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொள்வதும் கூடாது. இந்த உப்பங்கழிகளுக்குள் காளைச்சுறாக்கள் வருவதுண்டு. கயிறு நீளமாக, இழுத்தால் கழன்றுவிடும்படி இருக்கட்டும்.

லைசென்ஸும் அளவுகோலும்

டெக்சஸின் வழக்கமான மீன்பிடி லைசென்ஸ் ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. லேபர் டே நீள்வாரம் அதற்கு அடுத்தே வருவதால், போன வருட லைசென்ஸோடு வந்து அபராதம் கட்டுகிறவர்கள் உண்டு. உப்புநீருக்கான அனுமதி அதில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவோ மைத்துனரோ "சும்மா ஒரு தடவை" ராடைப் பிடித்தாலும் லைசென்ஸ் வேண்டும்; வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நாள் லைசென்ஸ் கிடைக்கிறது. 17 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குத் தேவையில்லை. 13 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், 26 அடிக்குக் குறைந்த படகு ஓடும்போது உயிர்காப்பு ஜாக்கெட் போட்டே இருக்க வேண்டும்.

ரெட்ஃபிஷ் ஒருவருக்கு நாளைக்கு 3, நீளம் 20 முதல் 28 அங்குலம். 28-ஐத் தாண்டிய ஒன்று வேண்டுமென்றால் லைசென்ஸோடு வரும் டேகை (அடையாளச் சீட்டை) எழுதி மீனில் கட்ட வேண்டும். ட்ரவுட் விஷயத்தில் பழைய நினைவு கைகொடுக்காது: 2024 மார்ச்சிலிருந்து அதுவும் 3 தான், 15 முதல் 20 அங்குலம். 2021 பிப்ரவரியின் கடுங்குளிரில் டெக்சஸ் கடலோரம் குறைந்தது 38 லட்சம் மீன்கள் செத்ததாக மாநில வனவிலங்குத் துறை கணக்கிட்டது. ட்ரவுட்டுக்குப் பலத்த அடி. ஆழம் குறைந்த நீர் சீக்கிரம் குளிர்ந்து போகும், தப்பிப் போக அவற்றுக்கு இடமில்லை. லூயிசியானாவுக்குள் போனால் அளவும் எண்ணிக்கையும் வேறு, ஆகவே கிளம்பும் முன் அந்தந்த மாநிலத் துறையின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

மேல் எல்லை எதற்கு என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 28 அங்குலத்தை நெருங்கும் ரெட்ஃபிஷ், உப்பங்கழியை விட்டுக் கடலுக்குப் போய் இனம் பெருக்கத் தயாராகும் மீன். அது நாற்பது வருடம் வரைகூட வாழலாம். பெரிய ட்ரவுட்டுகளோ பெரும்பாலும் பெண் மீன்கள். விட்டுவிடப் போகும் மீனை ஈரக்கையால் பிடியுங்கள், துண்டால் துடைக்காதீர்கள், ஆளாளுக்கு ஒரு செல்ஃபி என்று கைமாற்றாதீர்கள். அளக்கும்போது வால் முனையைச் சேர்த்துப் பிடித்து அளப்பதுதான் முறை. கால் அங்குலம் சந்தேகம் என்றால் விட்டுவிடுங்கள்.

மீன் மிஞ்சிவிட்டால் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் "ஃப்ரெஷ் மீன், பவுண்ட் இவ்வளவு" என்று போடுவது சட்டவிரோதம். 1981 முதல் டெக்சஸில் கடலில் பிடித்த ரெட்ஃபிஷையும் ட்ரவுட்டையும் விற்க முடியாது. ஹோட்டலில் வரும் ரெட்ஃபிஷ் பெரும்பாலும் பண்ணையில் வளர்த்தது. சும்மா கொடுங்கள்.

ஐஸில் கஞ்சத்தனம்

ஆறு பேருக்கு ஒரு பெட்டி ஐஸ், அதிலும் பாதி இடம் சோடா கேனுக்கு. ட்ரவுட்டின் சதை மென்மையானது, டெக்சஸ் வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்தாலே குழைந்துவிடும். மீனுக்குத் தனிப் பெட்டி வையுங்கள். ஐஸோடு கொஞ்சம் கடல்நீரை ஊற்றிக் கூழாக்கி, பிடித்த உடனே அதில் அமிழ்த்துங்கள். கரைக்கு வரும்வரை தலையும் வாலும் வெட்டாமல் முழு மீனாகவே இருக்கட்டும். அளந்து பார்க்க அதிகாரி வந்தால் துண்டைக் காட்டிப் பயனில்லை.

ட்ரவுட்டை வெட்டும்போது சதையில் வெள்ளையாக நூல்போலப் புழு தெரியலாம். பார்த்ததும் முழு மீனையும் குப்பையில் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது சுறாவின் உடம்பில் போய் முழு வளர்ச்சி அடையும் ஒட்டுண்ணி, மனிதருக்குத் தொற்றாது. கத்தி முனையால் எடுத்துப் போட்டுவிட்டு நன்றாகச் சமைத்தால் போதும். ட்ரவுட்டை அன்றைக்கே வறுத்துவிடுங்கள், ஃப்ரீஸரில் வைத்தால் சதை தளர்ந்துவிடும். ரெட்ஃபிஷ் கெட்டி, புளிக்குழம்பில் உடையாமல் நிற்கும். செதிலோடு பாதியாகப் பிளந்து, செதில் பக்கம் கீழே இருக்கும்படி கிரில்லில் வைத்து மேலே மிளகாய்-பூண்டு அரைத்த மசாலாவைத் தடவுவதும் உண்டு. 20 அங்குலத்தை ஒட்டியது ருசி.