டெக்சஸுக்குப் புதுசா? ஆஸ்டின் மேல் ஒரு கண் இருக்கட்டும்

ஃபிரிஸ்கோ, ஐர்விங், கேட்டி என்று எங்கே குடியேறினாலும் சரி, தபால் பெட்டியில் ஒருநாள் பளபளவென்று ஓர் அட்டை கிடக்கும். உங்கள் பகுதி மாநிலப் பிரதிநிதியின் குடும்பப் படம் இருக்கும். கீழே அவருடைய முன்னுரிமைகள்: சொத்து வரிக் குறைப்பு, பெற்றோர் உரிமை, எல்லைப் பாதுகாப்பு, தேர்தல் நேர்மை. நமக்குத்தான் ஓட்டு இல்லையே என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

மாநிலத் தலைநகரான ஆஸ்டினில் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், ஜனவரி இரண்டாம் செவ்வாயில் தொடங்கி 140 நாள் கூடும். வேலை மிச்சம் இருந்தால் ஆளுநர் சிறப்புக் கூட்டம் கூட்டுவார். ஆளுநர் என்றதும் கிண்டி ஆளுநர் மாளிகையை நினைக்காதீர்கள், இங்கே அவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆட்சித் தலைவர். மேலவையை நடத்துகிற துணை ஆளுநர் டான் பேட்ரிக், தனக்கு முக்கியமான மசோதாக்களுக்குச் சிறிய எண்களை ஒதுக்கிவைப்பார். எண் சிறிதாக இருந்தால் அது ஓடுகிற குதிரை என்று பெரும்பாலும் நம்பலாம்.

நம் பர்ஸைத் தொடுவது சொத்து வரிதான். மாநில வருமான வரி கிடையாது என்று சந்தோஷப்பட்டு வருகிறோம், அந்தப் பணத்தை வீட்டில் வாங்கிவிடுகிறார்கள். 2025 கூட்டத்தொடரில் மேலவையின் 4-ஆம் எண் மசோதா, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கான பள்ளி வரி (சொத்து வரியில் பள்ளிகளுக்குப் போகும் பங்கு) விலக்கை 1,00,000 டாலரிலிருந்து 1,40,000 ஆக்கியது. நவம்பரில் வாக்காளர்களும் ஒப்புக்கொண்டார்கள். 5,00,000 டாலர் வீடு என்றால் 3,60,000-க்குத்தான் பள்ளி வரி. ஆனால் இது தானாக வந்து சேராது. டிரைவிங் லைசென்ஸில் புது முகவரியை மாற்றிவிட்டு, உங்கள் கவுண்டியில் வீட்டு மதிப்பைக் கணக்கிடும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டில் 'ஹோம்ஸ்டெட் எக்ஸம்ப்ஷன்' விண்ணப்பம் போட வேண்டும். கட்டணம் இல்லை. காசு கேட்டு வரும் கடிதங்களைக் கிழித்துப் போடுங்கள். வீட்டுக் கடன் தவணையோடு சேர்த்துப் பிடித்து வைக்கும் எஸ்க்ரோ கணக்கிலிருந்து வரியை வங்கியே கட்டிவிடுவதால், விலக்கு விட்டுப்போனது பலருக்குத் தெரிவதே இல்லை.

பள்ளிக்கூடத்திலும் அதே கூட்டத்தொடரின் கை தெரியும். தனியார் பள்ளிச் செலவுக்கு மாநில அரசு பணம் தரும் திட்டத்துக்கு 100 கோடி டாலர் ஒதுக்கினார்கள், 2026-27 கல்வியாண்டில் தொடக்கம். அரசுப் பள்ளிகளில் பள்ளி நேரத்தில் பிள்ளைகள் போன் பயன்படுத்தத் தடை வந்தது. இது ஒன்றைக் கட்சி பேதமில்லாமல் அம்மாக்கள் எல்லாரும் வரவேற்றார்கள் என்று நினைக்கிறேன்! வகுப்பறைச் சுவரில் பத்துக் கட்டளைகளை மாட்டச் சொன்ன சட்டம் நீதிமன்றத்துக்குப் போய், சில பள்ளி மாவட்டங்களில் இடைக்காலத் தடையும் வாங்கியது.

வாட்ஸ்அப்பில் 'வெளிநாட்டுக்காரர்கள் வீடு வாங்க முடியாதாம்' என்று ஒரு பீதி சுற்றும். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சட்டம் பெயர் சொன்ன நாடுகள் சீனா, ஈரான், வட கொரியா, ரஷ்யா. இந்தியாவோ இலங்கையோ அதில் இல்லை.

அட்டையில் அச்சானதெல்லாம் சட்டமாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். கஞ்சாவின் போதைப்பொருளான டி.எச்.சி. கலந்த பண்டங்களைத் தடை செய்வது பேட்ரிக்கின் பெரிய ஆசை. இரு அவைகளும் நிறைவேற்றின. அதே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆளுநர் கிரெக் அபட் வீட்டோ போட்டுவிட்டார்.

தேர்தல் விஷயத்தில் மட்டும் கூடுதல் கவனம். குடிமக்கள் மட்டுமே ஓட்டுப் போடலாம் என்று மாநில அரசியலமைப்பிலேயே 2025-இல் எழுதிவிட்டார்கள். லைசென்ஸ் வாங்கப் போகும் இடத்தில் வாக்காளராகப் பதிய விருப்பமா என்று படிவத்தில் ஒரு கேள்வி வரும். அவசரத்தில் 'ஆம்' போட்டால் பின்னாளில் கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாவற்றுக்கும் வில்லங்கம். அப்புறம், வேட்பாளருக்கு நிதி திரட்டும் விருந்துக்கு யாராவது அன்பாகக் கூப்பிட்டால், கிரீன் கார்டு வரும்வரை பணம் கொடுக்காதீர்கள். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர் நன்கொடை தருவது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம்.

அடுத்த கூட்டத்தொடர் 2027 ஜனவரி 12. மசோதாக்கள் 2026 நவம்பரிலேயே பதிவாகத் தொடங்கிவிடும். சட்டமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கணக்குத் திறந்து மசோதா எண்ணைக் கொடுத்து வையுங்கள், அது நகரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும்.