முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது: நடிகைகளின் திரைவாழ்வை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011 பொங்கலுக்கு வந்த 'ஆடுகளம்' படத்தைப் பற்றி ஒரு சிறு பத்திரிகைக்கு எழுதினேன். ஐரீனாக வந்த டாப்ஸியின் பேச்சைப் பாராட்டி அதில் ஒரு பத்தி. மதுரையில் வளர்ந்த ஆங்கிலோ-இந்தியப் பெண் பேசினால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது, முதல் தமிழ்ப் படத்திலேயே இவ்வளவு நுட்பமா என்று வியந்திருந்தேன். இதழ் கடைக்கு வந்த வாரம், ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் நண்பர் போன் பண்ணினார். "அது ஆண்ட்ரியா குரல்ப்பா" என்றார்.

முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் யோசிக்க யோசிக்க அது வருத்தமாக மாறியது. நான் ரசித்தது ஒருவருடைய உழைப்பை, பெயர் போட்டது இன்னொருவருக்கு. அதே படத்தில் பேட்டைக்காரராக வந்த ஈழத்துக் கவிஞர் வ. ஐ. ச. ஜெயபாலனுக்குப் பேசியவர் ராதாரவி. துரையாக வந்த கிஷோருக்குப் பேசியவர் சமுத்திரக்கனி. ஒரே படத்தில் மூன்று முக்கியமான பாத்திரங்கள் வேறு ஒருவரின் குரலில் பேசுகின்றன. நான் மூன்றையுமே கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து, நடிப்பு, பின்னணிக் குரல், பாட்டு என்று மூன்றிலும் வேலை செய்கிற பெண்களைப் பற்றி எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும் எங்கே தவறுகிறார்கள் என்று பார்த்து வருகிறேன். பத்திரிகைக் கட்டுரை, யூடியூப் வீடியோ, விக்கிப்பீடியா பக்கம் எல்லாவற்றிலும் அதே தவறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. இங்கே ஆண்ட்ரியா ஜெரெமையாவையே முதல் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். மூன்று வேலையும் அவரிடம் பளிச்சென்று தெரியும் என்பது ஒரு காரணம். அவருக்குச் செய்த தவறைத்தான் நான் முதலில் திருத்த வேண்டும் என்பது இன்னொன்று.

முகம் தெரிந்த நாளைத் தொடக்கமாகப் போடுவது

'பச்சைக்கிளி முத்துச்சரம்' (2007) படத்தில் அறிமுகமானார் என்று ஆரம்பித்து, கடைசி வரியில் "நன்றாகப் பாடவும் செய்வார்" என்று ஒட்டிவிடுவதுதான் வழக்கம். நடந்த வரிசை அதற்கு நேர் எதிர். 2005இல் வந்த 'அந்நியன்' படத்தின் 'கண்ணும் கண்ணும் நோக்கியா' பாட்டில் அவர் குரல் இருக்கிறது. 2006இல் 'வேட்டையாடு விளையாடு' படத்தில் கயல்விழியாக வரும் கமாலினி முகர்ஜி பேசுவது அவருடைய குரலில். அந்தப் படத்தை இயக்கிய கௌதம் மேனன்தான் அடுத்த ஆண்டு அவரைச் சரத்குமாருடன் நடிக்க வைத்தார். ஆக, கல்யாணியாக அவர் முகம் திரையில் வருவதற்கு முன்பே, தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் அவரைப் பாட்டாகவும் வசனமாகவும் கேட்டு முடித்துவிட்டார்கள். 'அறிமுகம்' என்ற சொல் முகத்துக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஒரு சின்ன சுவாரசியம். அந்த நோக்கியா பாட்டை ஆண்ட்ரியாவோடு பாடியவர்களில் ஒருவர் வசுந்தரா தாஸ். 'முதல்வன்' படத்தில் 'ஷக்கலக்க பேபி' பாடியவர், 'ஹே ராம்' படத்தில் கமலுக்கு ஜோடியாக நடித்தவர். நடிக்கவும் பாடவும் செய்கிற இரண்டு பெண்கள் ஒரே பாட்டில் சந்தித்திருக்கிறார்கள். முகத்தை மட்டும் வைத்துப் பட்டியல் போட்டால் இந்தச் சந்திப்பே கண்ணில் படாது.

இதே தவறின் இன்னொரு பக்கம், படம் வராத ஆண்டுகளை "இடைவெளி" என்று எழுதுவது. 2007க்கும் 2010க்கும் நடுவே ஆண்ட்ரியா காணாமல் போனதாக எழுதுகிறார்கள். 'ஆயிரத்தில் ஒருவன்' படப்பிடிப்பு தொடங்கியதே 2007இல். படம் வெளியானது 2010 பொங்கலுக்கு. வெளியான தேதியை மட்டும் பார்க்கிறவருக்கு ஓய்வாகத் தெரிகிற காலத்தில் ஒரு நடிகை வெயிலில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

சரிதாவுக்கு இது இன்னும் அதிகமாக நடக்கிறது. 1978இல் பாலசந்தரின் 'மரோ சரித்ரா'வில் தொடங்கியவர், 'தண்ணீர் தண்ணீர்', 'அச்சமில்லை அச்சமில்லை' என்று நடித்தவர். 2023இல் 'மாவீரன்' வந்தபோது "பல ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்தார்" என்று எழுதினார்கள். முகம் திரும்பி வந்தது, சரிதான். ஆனால் தொண்ணூறுகளில் மற்ற நாயகிகள் பேசிய எத்தனையோ வசனம் அவருடைய தொண்டையிலிருந்து வந்தது. நாம் அவரைக் கேட்டுக்கொண்டேதான் இருந்தோம், பெயர் தெரியாமல்.

குரல் கொடுப்பதை இரண்டாம் பட்சமாக நினைப்பது

"வாய்ப்பு குறைந்ததால் டப்பிங்குக்குப் போனார்" என்ற வாக்கியத்தை எங்கே கண்டாலும் எனக்குக் கோபம் வரும். ரோகிணியை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை நட்சத்திரமாக வந்தவர். 'மறுபடியும்', 'மகளிர் மட்டும்' படங்களில் நடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே 'பம்பாய்' படத்தில் மனீஷா கொய்ராலாவுக்குப் பேசினார். 'இருவர்' படத்திலும் பிறகு 'ராவணன்' படத்திலும் ஐஸ்வர்யா ராய்க்குப் பேசினார். சேதுமாதவன் இயக்கிய 'ஸ்த்ரீ' என்ற தெலுங்குப் படத்தில் நடித்ததற்குத் தேசிய விருதுகளில் சிறப்பு அங்கீகாரம் பெற்றவர். இப்படி ஒருவர் டப்பிங் பேசுகிறார் என்றால், நடிப்பை விட்டுவிட்டு எங்கோ போனார் என்று அர்த்தமே இல்லை. அங்கேயும் நடிக்கத்தான் செய்கிறார். அவர் பாட்டும் எழுதுவார். 'பச்சைக்கிளி முத்துச்சரம்' படத்தின் 'உனக்குள் நானே' அவர் எழுதியது. ஆண்ட்ரியா நடிக்க வந்த படத்தில் ரோகிணியின் வரிகள் இருப்பதைப் படத்தைப் பலமுறை பார்த்தவர்கள்கூடக் கவனித்திருக்க மாட்டார்கள்.

டப்பிங் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இப்படி எழுத மனம் வராது. கூடத்துக்குள் ஏசி சத்தம்கூட இருக்காது. எதிரே திரையில் ஒரு சின்னத் துண்டுக் காட்சி ஓடும், திரும்ப ஓடும், மறுபடியும் ஓடும். படப்பிடிப்பில் அந்த நடிகைக்கு மழை இருந்தது, எதிரே இன்னொரு நடிகர் நின்றார், கையில் ஒரு கடிதம் இருந்தது. இங்கே மைக்கும் ஹெட்போனும்தான். உதடு மூடும் இடத்தில் 'ப'வோ 'ம'வோ விழ வேண்டும். வாய் திறந்திருக்கும்போது உதடு மூடுகிற எழுத்து வந்தால் பார்க்கிறவருக்கு உடனே உறுத்தும். எழுதிய வசனம் நீளமாக இருந்தால் அங்கேயே ஒரு சொல்லை மாற்ற வேண்டும், பொருள் கெடாமல். வசனத்தைவிடக் கஷ்டம் மூச்சு. ஓடி வந்து நிற்கிற மூச்சு, அழுகையை அடக்குகிற விழுங்கல், பாதியில் நின்ற சிரிப்பு எல்லாவற்றையும் நின்ற இடத்தில் நின்றபடி கொண்டுவர வேண்டும். தப்பித் தவறிக் கழுத்துச் சங்கிலி அசைந்தால்கூட டேக் போச்சு.

தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரலுக்குத் தனி விருது உண்டு. தேசிய விருதுகளில் இன்றுவரை கிடையாது. ஆகவே விருதுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரின் தகுதியை அளக்கிறவர்கள், இந்த வேலை முழுவதையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. "சொந்தக் குரல் இல்லை, அப்புறம் என்ன நடிப்பு?" என்று டாப்ஸி மாதிரி நடிகைகளைத் தள்ளிவிடுவது. ஐரீனின் தயக்கமும் பார்வையும் டாப்ஸியுடையவை. அவை இல்லாமல் ஆண்ட்ரியாவுக்குப் பேச எதுவும் இருந்திருக்காது. இருவர் சேர்ந்து செய்த ஒரு பாத்திரம் அது, அப்படியே எழுதுவதுதான் நியாயம்.

பாட்டையும் பேச்சையும் குழப்புவது

ஒரு நடிகை திரையில் பாடுகிறார் என்றால் மூன்று கேள்வி கேட்க வேண்டும். யார் முகம், யார் பேச்சு, யார் பாட்டு? சில சமயம் மூன்றுக்கும் மூன்று பெயர் வரும், சில சமயம் இரண்டு. '96' படத்தின் ஜானுவைப் பாருங்கள். முகம் த்ரிஷா. பேச்சு சின்மயி. ராமின் வீட்டில் இருட்டில் அந்தப் பாத்திரம் 'யமுனை ஆற்றிலே' பாடும்போதும் சின்மயிதான். பேசிக்கொண்டிருந்த குரலே பாட்டுக்குள் போவதால்தான் அந்த இடத்தில் தையல் தெரியவில்லை. பேச்சு ஒருவர், பாட்டு ஒருவர் என்று வைத்திருந்தால் அந்தக் காட்சி இவ்வளவு நெருக்கமாக வந்திருக்காது என்பது என் கருத்து. இதைக் கவனிக்காமல் "த்ரிஷா பாடும் காட்சி" என்று எழுதிப்போவது பெரிய இழப்பு.

'ஆயிரத்தில் ஒருவன்' படத்தின் 'உன் மேல ஆசதான்' பாட்டில் நிலைமை வேறு. அதைப் பாடியவர்கள் தனுஷ், ஐஸ்வர்யா தனுஷ், ஆண்ட்ரியா. அந்தப் படத்தில் ரீமா சென்னுக்கு வசனம் பேசியவரும் ஐஸ்வர்யாதான். அதே படத்தில் நடித்திருக்கும் ஆண்ட்ரியா பாட்டில் பின்னணிப் பாடகி. பெயர் வரிசையை மட்டும் படித்துவிட்டு எழுதினால் யார் எங்கே நிற்கிறார் என்பது புரியாது.

மொழிகளும் குழப்பும். 'புஷ்பா' (2021) படத்தில் சமந்தா ஆடும் பாட்டைத் தமிழில் 'ஊ சொல்றியா' என்று பாடியவர் ஆண்ட்ரியா. தெலுங்கில் பாடியவர் இந்திராவதி சௌஹான். தெலுங்குப் பக்கத்தைப் பார்த்துத் தமிழில் எழுதினாலும், தமிழைப் பார்த்துத் தெலுங்குக்கு எழுதினாலும் தப்பு வரும். எதிர்மாறாக, 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் த்ரிஷாவுக்கும், அதன் தெலுங்கு வடிவத்தில் சமந்தாவுக்கும் பேசியவர் ஒருவரே, சின்மயி. மொழி மாறினால் குரலும் கட்டாயம் மாறும் என்று நினைக்க முடியாது, மாறாது என்றும் நினைக்க முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்க்க வேண்டும். வேறு வழியில்லை.

காதை மட்டும் நம்புவது

கொஞ்சம் அனுபவம் வந்ததும் நமக்கு ஒரு தைரியம் வரும். கேட்டதும் "இது இன்னார் குரல்" என்று சொல்லிவிடுவோம். இந்தத் தைரியம்தான் ஆபத்து. 1993இல் வந்த மலையாளப் படம் 'மணிச்சித்திரத்தாழ்'. ஷோபனாவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. அவருக்குக் குரல் கொடுத்தவர் பாக்யலட்சுமி என்றுதான் எல்லோரும் எழுதினார்கள், அவரும் மலையாளத்தின் மிகப் பெரிய குரல் கலைஞர். ஆனால் ஷோபனாவின் பாத்திரமான கங்கா, நாகவல்லியாக மாறித் தமிழில் பேசுகிற பகுதிக்குக் குரல் கொடுத்தவர் துர்கா என்ற தமிழ்க் கலைஞர் என்று இயக்குநர் ஃபாசில் 2016இல்தான் எழுதினார். 23 ஆண்டுகள்! அந்தப் படத்தில் மக்கள் மறக்கவே முடியாத குரல் எதுவோ, அந்தக் குரலுக்குரியவரின் பெயர் 23 ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. கேரளத்தில் எத்தனை நல்ல காதுகள் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கும்.

ஆகவே காது சந்தேகப்படுவதற்கு மட்டும்தான். உறுதி செய்ய டைட்டில் கார்டைப் பாருங்கள், 'பின்னணிக் குரல்' என்ற தலைப்பில் பெயர்கள் இருக்கும். ஓடிடியில் பெயர்கள் வரும்போது அடுத்த படத்துக்குத் தாவிவிடும், நிறுத்திப் பாருங்கள். அந்தக் கலைஞரே பேட்டியில் சொல்லியிருக்கிறாரா, இயக்குநர் சொல்லியிருக்கிறாரா என்று தேடுங்கள். எங்கேயும் கிடைக்கவில்லையா, குரலைப் பற்றி எழுதாமல் விடுங்கள். முகத்துக்கே அந்தக் குரலைச் சொந்தமாக்கி எழுதுவதைவிட அது மேல்.

எல்லாப் படத்திலும் குரல் இரவல்தான் என்று சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கவும் கூடாது. 'விருமாண்டி' (2004) படப்பிடிப்பிலேயே நேரடியாக ஒலி பதிவு செய்த படம். அதில் அன்னலட்சுமி பேசுகிற மதுரைத் தமிழ் அபிராமியின் சொந்தப் பேச்சு. அதே அபிராமி பிறகு 'விஸ்வரூபம்' படத்தில் பூஜா குமாருக்குக் குரல் கொடுத்தார். ஒருவரே ஒரு படத்தில் சொந்த முகத்தோடும் இன்னொன்றில் குரலாக மட்டும் இருக்கலாம்.

"பன்முகக் கலைஞர்"

இந்தச் சொல்லைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதுகிறவர் தேடாமல் விட்ட எல்லாவற்றையும் மூடி மறைக்கிற சொல் அது. எந்தப் படத்தில், எந்த ஆண்டில், யாருக்கு, எந்த மொழியில் என்று நான்கு விவரம் கொடுத்தால் அவர் எப்படிப்பட்டவர் என்று வாசகரே தெரிந்துகொள்வார். யாரோடு பேசுகிறார், யாரோடு சண்டை என்ற செய்திகளுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியை இந்த நான்கு விவரத்துக்கு ஒதுக்கினால் போதும்.

தவறு நடந்துவிட்டால் திருத்தத்தைத் தவறு வந்த இடத்திலேயே போட வேண்டும். என் திருத்தம் அடுத்த இதழில் வாசகர் கடிதப் பக்கத்தின் ஓரத்தில் இரண்டு வரியாக வந்தது. கட்டுரையைப் படித்தவர்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு என் கட்டுரைகளைத் தொகுத்தபோது அந்தப் பத்தியை முழுதாக எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன். டாப்ஸியின் பார்வைக்கு ஐந்து வரி, ஆண்ட்ரியாவின் உச்சரிப்புக்கு ஐந்து வரி. ஜெயபாலனின் முகத்தில் வரும் இறுக்கத்தையும் ராதாரவியின் அடித்தொண்டையையும் பற்றித் தனியாக ஒரு பத்தி சேர்த்தேன். அதை எழுதுவதற்காக மட்டும் படத்தை மூன்று முறை பார்த்தேன், அதில் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு.