கென்வுட் மாளிகையில் இரண்டு படம் போதும்

லண்டனுக்கு யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிப்போவது கென்வுட் மாளிகைக்குத்தான். ஹாம்ஸ்டட் ஹீத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. உள்ளே போகக் காசு கிடையாது. கின்னஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஐவா பிரபு, 1927-இல் இறந்தபோது வீட்டையும் தன் ஓவியங்களையும் நாட்டுக்கே எழுதிவைத்துவிட்டார்.

அம்மாவை முதல் தடவை அழைத்துப்போனபோது, ஒரு அறை விடாமல் பார்த்துவிட வேண்டும் என்று இழுத்துக்கொண்டு ஓடினேன். நாலாவது அறையில் அவருக்கு முழங்கால் வலி. கண்ணெதிரே நாற்காலி இருந்தது, ஆனால் உட்காரக் கூடாத பழங்காலச் சாமான். அன்றைக்குப் பார்த்த படங்களில் ஒன்றுகூட இரண்டு பேருக்கும் நினைவில்லை.

இப்போது இப்படிப் போகிறோம். கோல்டர்ஸ் கிரீனில் 210 பஸ் பிடித்து, திறந்ததுமே உள்ளே போய்விடுவது. முதலில் டச்சு ஓவியர் வெர்மீரின் ‘கிட்டார் வாசிக்கும் பெண்’. கிட்டத்தில் போய்த் தந்திகளைப் பாருங்கள். ஒன்றிரண்டு மங்கலாக, அப்போதுதான் விரல் எடுத்தமாதிரி அதிர்ந்துகொண்டிருக்கும். அவளுடைய முழங்கை படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும், வலப்பக்கம் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். 1974-இல் இதைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். சில மாதம் கழித்து ஒரு தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் கிடைத்தது. ஜன்னல் வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் ஓரடி பக்கவாட்டில் நகர்ந்தால் சரியாகிவிடும்.

அப்புறம் ரெம்பிராண்ட், வயதான காலத்தில் தன்னையே வரைந்த படம். முகத்துக்கு அத்தனை உழைப்பு. வண்ணத் தட்டும் தூரிகையும் பிடித்த கையோ நாலு இழுப்பில் முடிந்துவிட்டது. பின்சுவரில் இரண்டு பெரிய வட்டங்கள். அவை எதற்கு என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அறையில் நிற்கும் ஊழியரிடம் கேட்டுப்பாருங்கள், ஆசையாகப் பேசுவார்கள்.

மூன்றாவதாக எதையாவது பார்த்தே ஆகவேண்டும் என்றால் ராபர்ட் ஆடம் வடிவமைத்த நூலக அறை. கூரையை அண்ணாந்து பார்க்கவே பத்து நிமிடம் வேண்டும். அடிமை முறைக்கு எதிரான 1772 சாமர்செட் தீர்ப்பை வழங்கிய நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபுவின் வீடாக முன்பு இருந்தது இது. அடிமையாக இருந்த கறுப்பினத் தாய்க்குப் பிறந்த டைடோ பெல், அவருடைய சகோதரியின் பேத்தி, இங்கேதான் வளர்ந்தாள். அது தெரிந்தபின் அந்த அறையின் தங்கப்பூச்சு எனக்கு வேறுமாதிரி தெரிகிறது.

மற்ற அறைகளை விட்டுவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும். அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

வெளியே வந்ததும் டீ. பழைய வேலையாட்கள் கட்டடத்திலேயே கடை இருக்கிறது. முழங்கால் ஆறியபின் புல்வெளிச் சரிவில் குளத்தை நோக்கி இறங்குங்கள். மழை பெய்திருந்தால் சேறு, நல்ல செருப்பைப் போட்டு வராதீர்கள். மே மாதமானால் ரோடோடெண்ட்ரான் பூத்திருக்கும். குளக்கரையிலிருந்து திரும்பிப் பார்த்தால்தான் வெள்ளை மாளிகை முழுசாகத் தெரியும்.

குளத்தின் கோடியில் ஒரு வெள்ளைப் பாலம் இருக்கும். மேலே ஏறலாம் என்று நினைக்காதீர்கள். அது பாலமே இல்லை, பார்வைக்காக நிறுத்திய மரப்பலகை. அம்மா பக்கவாட்டில் போய் எட்டிப்பார்த்துவிட்டுக் கேட்டார்: “என்னடா இது, சினிமா செட்டா?”