வெளிநாட்டில் வேலை, கோத்தகிரியில் வங்கிக் கணக்கு: மலை இறங்கும் முன் முடிக்க வேண்டியவை

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ வேலைக்குப் போகிற பலர், ஏடிஎம் கார்டையும் பின் நம்பரையும் அம்மா கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்ச காலம் ஓடும். அப்புறம் கார்டு காலாவதியாகும், இல்லை சிம் செத்துப்போகும். போகும் முன் வங்கிக் கிளையில் அரை நாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை, போன பிறகு கூரியரில் இழுத்தடிக்கும்.

முதல் வேலை, கணக்கின் வகையை மாற்றுவது. வேலைக்காக வெளிநாடு போனதுமே ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர். 182 நாள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வேலைக்குப் போகிறவர் வங்கிக் கணக்கு விஷயத்தில் அது முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, வருமான வரிக்கான கணக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. அதை, இந்தியாவில் வரும் பணத்துக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுங்கள். கூடவே, வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட என்ஆர்இ கணக்கு ஒன்றும் தொடங்குங்கள்.

இரண்டு எதற்கு? உங்கள் பெயரில் ஒரு ஏக்கர் தேயிலைத் தோட்டம் இருக்கிறது என்று வையுங்கள். தொழிற்சாலை போடுகிற பசுந்தேயிலைப் பணம் இந்தியாவில் சம்பாதித்தது. அது என்ஆர்ஓவில்தான் விழ வேண்டும். வீட்டு வாடகையும் அப்படியே. துபாய் சம்பளத்திலிருந்து அனுப்புவது என்ஆர்இக்குப் போகலாம். என்ஆர்இ வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தை எப்போது வேண்டுமானாலும் திருப்பி எடுத்துப்போகலாம். என்ஆர்ஓ வட்டியில் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடித்துவிடுவார்கள். வெளியே கொண்டுபோகவும் ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் என்று வரம்பு உண்டு. நம்மில் பெரும்பாலோருக்கு அந்த வரம்பு கவலையே இல்லை. மாற்றும்போது கணக்கு எண் மாறுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாறினால் தொழிற்சாலையில் புதிய எண்ணைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் இலைப் பணம் நின்றுவிடும்.

இன்னொன்று. “பக்கத்துத் தோட்டம் விலைக்கு வருது, வாங்கிப் போடலாமா?” என்று மாமா போனில் கேட்டால் அவசரப்படாதீர்கள். வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொள்ளலாம், அப்பா வழியில் வருவதையும் பெறலாம்.

அடுத்தது சிம். பாதிப் பிரச்சினை இங்கேதான். வங்கியில் பதிந்த சிம்மை வீட்டில் விட்டால், ஒவ்வொரு தடவையும் “அம்மா, ஆறு நம்பர் வந்திருக்கா பாரு” என்று கேட்க வேண்டியிருக்கும். ஆடி மழையில் கரண்ட் போய் டவர் விழுந்தால் ஓடிபி வராது, வந்தாலும் நேரம் கடந்திருக்கும். அதைவிட மோசம், போனில் கேட்டால் ஓடிபியைப் படித்துச் சொல்லும் பழக்கம் அம்மாவுக்கு வந்துவிடுவது. நாளைக்கு “பேங்க்ல இருந்து பேசறோம்” என்று எவனோ கேட்டாலும் சொல்லிவிடுவார். சிம்மை உங்களோடு எடுத்துப் போங்கள். சர்வதேச ரோமிங்கை ஊரிலேயே போட்டுவிடுங்கள், ரீசார்ஜ் விடாமல் செய்யுங்கள். 90 நாள் தொட்டும் பார்க்காமல் கிடந்தால் சிம் நிறுவனம் இணைப்பைத் துண்டிக்கலாம். அந்த எண் பிறகு வேறொருவருக்குப் போகும். அமீரகம், சவுதி, கத்தார், ஓமன், இங்கிலாந்து, சிங்கப்பூர் போன்ற சில நாடுகளின் எண்ணை வைத்தே என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கில் யுபிஐ பயன்படுத்த வழி வந்திருக்கிறது. உங்கள் வங்கி தருகிறதா என்று கேளுங்கள்.

சரி, வீட்டுச் செலவுக்கு? அம்மாவுக்கு அவர் பெயரிலேயே தனிக் கணக்கும் கார்டும் இருக்கட்டும். உங்கள் கணக்கிலிருந்து மாதா மாதம் ஒரு தேதியில் பணம் தானாகப் போகும்படி நிலையான உத்தரவு போட்டுவிடுங்கள். உங்கள் கார்டை அவர் தொடவே வேண்டாம். கார்டையும் பின்னையும் அடுத்தவருக்குக் கொடுத்த பிறகு பணம் போனால் வங்கி பொறுப்பேற்காது, அடுத்தவர் என்பது பெற்ற தாயாக இருந்தாலும். உங்கள் கணக்கையே வீட்டில் ஒருவர் இயக்கித்தான் ஆக வேண்டுமென்றால், கிளையில் அதிகாரக் கடிதம் கொடுத்து முறையாகச் செய்யுங்கள். உள்ளூர்ச் செலவுகளை அவர் பார்த்துக்கொள்ளலாம்.

கார்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன், தட்டிக் கட்டுவது ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைத்து வைக்கலாம். தேவைப்படும் அன்று மட்டும் திறந்துகொள்ளுங்கள். காலாவதித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய கார்டு எந்த முகவரிக்கு வரும் என்பதையும் கேட்டுவையுங்கள்.

கணக்கு உயிரோடு இருக்க நீங்களே ஏதாவது வரவு செலவு செய்ய வேண்டும். வங்கி தானாக வட்டி போடுவது அதில் சேராது. 2 வருடம் அசைவில்லாவிட்டால் செயல்படாத கணக்கு. 10 வருடம் போனால் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். பிறகும் கேட்டு வாங்கலாம், ஆனால் அலைச்சல். நாமினி பெயரையும் சரிபாருங்கள். 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை போடலாம்.

கிளைக்குப் போகும்போது பாஸ்போர்ட், விசா, பான் கார்டு, வேலை ஒப்பந்தம், போட்டோ, எல்லாவற்றுக்கும் நகல். ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்கள் நகல்களில் இந்தியத் தூதரகத்திலோ அங்குள்ள நோட்டரியிடமோ சான்றொப்பம் வாங்கி, அந்த ஊர் முகவரிச் சான்றையும் வைத்து அனுப்பலாம். எந்தச் சான்றொப்பத்தை ஏற்பார்கள் என்று கிளைக்கு முதலில் ஒரு மின்னஞ்சல் போட்டுவிட்டு அனுப்புங்கள்.